பத்திநாதரின் குலத் தலைவர்

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்திநாதருக்கு வலது விலாவுக்குக் கீழே நோகத் தொடங்கியது. முதலில் அவர் முதல்நாள் சாப்பிட்ட பொரித்த மீனில் பழியைப் போட்டார். ஏழு மணிக்கு மீன் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. எட்டு மணிக்குச் சத்தி எடுத்தார். எட்டரைக்குத் தான் வேலை செய்யும் பேக்கரிக்கு ரெலிபோன் எடுத்து, இன்றைக்கு வரமுடியாது என்றார். பத்தொன்பது வருசத்தில் அவர் அப்படிச் சொன்னது இரண்டாவது தடவை. முதல் தடவை, மனைவி திரேசம்மாவை அடக்கம் செய்த நாள்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் மன்னாரில் பேசாலை. கெபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில், மூன்றரை என்று அங்கே சொல்லுகிற ஒரு சிறிய அப்பார்ட்மென்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. திரேசம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுபேரும் தமிழ்ப் பூசைக்குப் போவார்கள். அவள் போனபிறகும் அவர் கொஞ்சக்காலம் போய்ப் பார்த்தார். பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்கள் "எப்படி இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, மறுமொழி வருவதற்கு முன்னமே சட்டைப்பைக்குள் கார் திறப்பைத் தேடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் போவதை விட்டுவிட்டார். ஒருவரோடும் சண்டையில்லை. ஏன் வருவதில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஒரு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நல்ல ஆஸ்பத்திரி. நோயாளிகளின் கலாசாரத்தை மதிப்பதில் தங்களை ஒருவரும் மிஞ்சமுடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதை வாசலில் பத்து மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். தமிழும் இருந்தது. "உங்கள் வித்தியாசத்தை நாங்கள் வருக" என்று இருந்தது. பத்திநாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டுதரம் வாசித்தார்.

ஏழு மணித்தியாலம் காத்திருந்தபின் வயிற்றைப் படம் பிடித்தார்கள். டொக்டர் கூலோம்ப் என்கிற இளம் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். கெட்டிக்காரப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்கள் பித்தப்பையில் கல். பை நன்றாக வீங்கி, கிருமி பிடித்திருக்கிறது. நாளைக்குக் காலையில் எடுத்துவிடலாம். பிந்தினால் வெடிக்கும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பத்திநாதர் பிரெஞ்சில். அவருடையது பேக்கரிப் பிரெஞ்சு. மாவும் சூடும் அவசரமும் நிறைந்தது. ஆனால் வயிற்றைப் பற்றிக் கதைக்க அது தாராளமாகப் போதும். டொக்டர் நீட்டிய கடதாசியில் கையெழுத்தும் வைத்தார்.

நோயாளியிடம் நோய் இருந்தது. டொக்டரிடம் கத்தி இருந்தது. இரண்டு பக்கமும் சம்மதம். விசயம் இதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பிறந்த இடம் என்கிற கட்டத்தில் 'ஸ்ரீலங்கா' என்று அடித்த உடனே கம்பியூட்டரில் அவருடைய பெயர் மஞ்சளாக மாறியது. மஞ்சள் பெயர்கள் எல்லாம் கலாசாரப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகும்.

அந்த அலுவலகத்தின் பணிப்பாளர் மதாம் லாபெர்ஜ் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோகக் கட்டிலைத் தள்ளத் தொடங்கியிருந்த நேர்ஸை ஒற்றை விரலால் நிறுத்தினார். பிறகு பத்திநாதரைப் பார்த்துக் கைகூப்பினார். பத்திநாதரும் வயிற்றிலிருந்த கைகளை எடுத்துக் கும்பிடவேண்டியதாகிவிட்டது. அது நன்றாக நொந்தது.

"இன்றைக்கு உங்களை உங்கள் இதயத்தின் மொழியில் கேட்கப்போகிறோம்" என்றார் மதாம்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியும், மதாம்."

"தெரியும் என்று சொல்லவேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பதை நான் புரிந்துகொள்கிறேன்" என்று சொல்லி, ஒரு ரெலிபோனைப் போர்வையின்மேல் வைத்தார். எங்கேயோ தூரத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் பேசினார். சென்னைக்காரர். நல்ல மனிதர். தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

"வணக்கம் சார். உங்களுக்கு என்ன பண்ணுது?"

"வயித்துக்குள்ள ஏதோ உருளுற மாதிரிக் கிடக்கு, தம்பி. விட்டு விட்டுக் குத்துது. சரியான பயமாயும் கிடக்கு."

"கிடக்குன்னா... படுத்துட்டு இருக்கா சார்? எது படுத்துட்டு இருக்கு?"

"நோ."

"நோவா? இல்லைங்கறீங்களா?"

"இல்லையில்லை. நோ. சரியான நோ."

"சரி சார், புரிஞ்சுது" என்று சொன்ன மொழிபெயர்ப்பாளர், மதாமுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார்: "அவருடைய வயிற்றுக்குள் ஏதோ ஒன்று படுத்திருக்கிறதாம். சிலவேளை உருளுமாம், குத்துமாம். அதற்கு அவர் பயப்படுகிறார். வலி இருக்கிறதா என்றால், இல்லை, இல்லவே இல்லை என்கிறார்."

பத்திநாதர் திடுக்கிட்டுப்போய்ப் பிரெஞ்சிலேயே, "மதாம், எனக்கு நோகுது! உயிர் போகுது!" என்றார்.

"தயவுசெய்து மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேசுங்கள்" என்றார் மதாம் மிக மென்மையாக. "நேராகப் பேசினால் நீங்கள் சொல்லவந்தது எங்களுக்குத் தவறிவிடும்."

பிறகு சத்திரசிகிச்சைக்குச் சம்மதமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"ஓம்" என்றார் பத்திநாதர். போதாதோ என்று நினைத்து, "ஓம், ஓம், ஓம்" என்றார்.

"அவர் மந்திரம் சொல்கிறார் என்று நினைக்கிறேன்" என்றது ரெலிபோன் பிரெஞ்சில். மதாம் நேர்ஸைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். இரண்டுபேரும் தலைகுனிந்து, அவர் முடிக்கும்வரை மரியாதையாக நின்றார்கள். பத்திநாதரின் கழுத்தில் சிலுவையோடு செபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அவர்கள் மரியாதையாகவே பார்த்தார்கள்.

மதாம் கையோடு ஒரு பச்சைக் கோப்புக் கொண்டுவந்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பல வருசங்களுக்கு முன்னர் லாவோஸ் மலைகளிலிருந்து அகதியாக வந்த மொங் குடும்பம் ஒன்றுக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய மனஸ்தாபம் உண்டானது. இனிமேல் அப்படி நடக்கக்கூடாது என்று ஓர் அறிஞரைப் பிடித்து, மொங் மக்களின் நம்பிக்கைகளை எல்லாம் எழுதுவித்தார்கள். அடுத்ததாக மற்ற மக்களைப் பற்றியும் எழுதுவதாக இருந்தது. அதற்குள் அறிஞர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆகவே, அட்டையிலிருந்த 'மொங்' என்ற சொல்லின்மேல் 'ஆசியா' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார்கள்.

"நாற்பத்தோராம் பக்கம்" என்றார் மதாம். "பெரிய முடிவுகளைக் குலத் தலைவரே எடுப்பார். நோயாளியின் சம்மதம் மட்டும் போதாது. மரியாதைக்காக அவர் 'ஆம்' என்று சொல்லக்கூடும். அதை ஆம் என்று எடுக்கக்கூடாது." கோப்பை மூடினார். "உங்கள் குலத் தலைவர் எப்போது வருவார்?"

"எனக்கு அப்படி ஒருத்தரும் இல்லை."

"நாங்கள் உங்களை அவசரப்படுத்தவில்லை."

"அவசரம் எண்டு டொக்டர்தானே சொன்னவ!"

"அவசரம் என்பது ஒரு மேற்கத்தியக் கருத்து, ஐயா" என்றார் மதாம். போகும்போது மேசை லாச்சியிலிருந்து எடுத்துவந்த வெள்ளை நூலொன்றைப் பத்திநாதரின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். நோயாளிக்குக் காவலாக நூல் கட்டவேண்டும் என்று கோப்பில் இருந்தது. பத்திநாதர் அதை ஆஸ்பத்திரி அடையாளம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் போனதும், இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் பிரெஞ்சில், "உங்களுக்கு நூல் கட்டினவையா?" என்று கேட்டது.

"ஓமம்மா. என்னத்துக்கெண்டு தெரியேல்லை."

"எனக்கு என்ர அண்ணை கட்டிவிட்ட நூலை நேற்று வெட்டி எறிஞ்சவை. கிருமி வருமாம்."

அவள் பெயர் கியா மூவா. நாற்பது தாண்டிய வயது. பள்ளிக்கூடமொன்றில் சமையல்வேலை. கழுத்தில் ஒரு கட்டி எடுப்பதற்காக வந்திருந்தாள். அவள் மொங்காரி. அந்தப் பச்சைக் கோப்பு எழுதப்பட்டதே அவளைப் போன்றவர்களுக்காகத்தான். ஆனால் அவள் கெபெக்கில் பிறந்தவள். கம்பியூட்டரில் அவள் பெயர் வெள்ளையாகவே இருந்தது. அண்ணன் கொண்டுவந்த மூலிகைக் கோழிச் சூப்பைக் கீழேயே தடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த பதினான்கு உறவினர்களில் இரண்டுபேரை மேலே விட்டு, மிச்சப்பேரைக் கார் தரிப்பிடத்தில் நிற்கவைத்தார்கள்.

பத்திநாதர் கீழே நின்ற பன்னிரண்டு பேரையும் ஜன்னலால் பார்த்தார். குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னல்களுக்கும் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்காத நேரத்தில் இவரும் கை காட்டினார்.

பின்னேரம் டொக்டர் கூலோம்ப் வந்து மதாமோடு வாசலில் நின்று வாக்குவாதப்பட்டார். "அவர் எனக்குக் கையெழுத்து வைத்துத் தந்தவர்!" என்றார். மதாம் பொறுமையாக, "உங்கள் வெள்ளை அங்கியைப் பார்த்துப் பயந்து வைத்த கையெழுத்து" என்றார். குலத் தலைவர் கையொப்பமிட்ட படிவம் வரும்வரை சத்திரசிகிச்சை அறையை ஒதுக்கமுடியாது என்று மேலிடமும் சொல்லிவிட்டது. டொக்டர் கிருமிகொல்லி மருந்தைக் கூட்டி எழுதிவிட்டு, "தயவுசெய்து யாரையாவது கூப்பிடுங்கள், ஐயா. யாராக இருந்தாலும் சரி" என்றார்.

யாரையாவது. பத்திநாதர் ரெலிபோனை எடுத்து உள்ளே இருந்த பெயர்களைப் பார்த்தார். பேக்கரி. வீட்டுக்காரர். மீன்கடை. றெக்ஸ். திரேசம்மா. திரேசம்மாவின் நம்பரை அவர் இன்னும் அழிக்கவில்லை. அதில் விரல் பட்டுவிடாமல் கவனமாக றெக்ஸை அழுத்தினார். கோயிலில் பழக்கமான பெடியன். திரேசம்மாவின் பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவன்.

"பத்தி அண்ணையோ! எவ்வளவு காலம்! சொல்லுங்கோ அண்ணை."

"தம்பி, ஒரு சின்ன உதவி. ஆஸ்பத்திரியில நிக்கிறன். ஒரு கையெழுத்து வேணுமாம். ஒருக்கா வந்திட்டுப் போறியே?"

"ஐயோ அண்ணை, நாங்கள் ஸ்காபரோவுக்கு மாறி எட்டு மாசமாச்சே! உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"ஓமோம், சொன்னனீ" என்றார் பத்திநாதர். அவன் சொல்லியிருக்கவில்லை.

"இப்ப என்ன மாதிரி அண்ணை, கடுமையோ? பேந்து எடுக்கட்டே? வேலையில நிக்கிறன்."

"ஒண்டுமில்லை தம்பி. நீ வேலையைப் பார்."

புதன்கிழமை காலை கலாசாரப் பாதுகாப்புக் குழு முழுவதும் கட்டிலைச் சுற்றிக் கூடியது. ஏழுபேர். ஒருவர் அவருடைய மௌனத்தைக் குறித்துக்கொண்டார். இன்னொருவர் அவருடைய முனகலைக் குறித்துக்கொண்டு, அது பாடலா என்று கேட்டார். வயிற்றுக்குள் படுத்திருப்பதை எடுக்கும்போது அதனிடம் அனுமதி கேட்கவேண்டுமா என்பது பற்றி இருபது நிமிடம் கலந்துரையாடினார்கள். முடிவு எட்டப்படவில்லை. ஆனால் கலந்துரையாடல் மிக வளமாக இருந்தது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பத்திநாதருக்கு உடம்பு நடுங்கியது. காய்ச்சல் பார்க்க வந்த நேர்ஸ், நெற்றியில் வைக்கும் கருவியை நெற்றிக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்தாள். தலையைத் தொடக்கூடாது என்று கோப்பின் எழுபதாம் பக்கத்தில் இருந்தது. 'கலாசாரக் காரணத்தால் அளக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போனாள். அன்றைக்கு மூன்றுதரம் அப்படி எழுதப்பட்டது.

அவருக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தேவைப்படவில்லை. யாராவது நெற்றியில் ஒருதரம் கைவைத்துப் பார்த்தால் போதும் என்றிருந்தது. திரேசம்மா போன இந்த மூன்று வருசமாக அவரை ஒருவரும் தொட்டதில்லை. தலைமயிர் வெட்டுகிறவன் தொட்டிருக்கிறான். பேக்கரியில் ஒருதரம் தட்டு மாற்றும்போது ஒருவனுடைய கை பட்டிருக்கிறது. அதை எல்லாம் எண்ணிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

திரை விலகியது. கியா தன் சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்தாள்.

"என்ர அம்மா பார்த்தால் பேசுவா. ஒரு ஆம்பிளையின்ர தலையைத் தொடுறன்" என்றாள். கையை எடுக்கவில்லை. "ஐயோ, நெருப்பாய்க் கொதிக்குது! இதுக்குள்ள என்ன கதைச்சுக்கொண்டு நிண்டவை?"

பத்திநாதர் காலடியில் குழு மறந்துவிட்டுப்போன பச்சைக் கோப்பைக் காட்டினார். கியா அதைத் திறந்து நின்ற நிலையிலேயே நாலைந்து பக்கம் வாசித்தாள். அட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள்.

"இது எங்களைப் பற்றினது" என்றாள். சிரிப்பாள் என்று அவர் நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. ரெலிபோனை எடுத்துத் தன் பாசையில் அண்ணனுடன் கதைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே கதைத்தாள்.

ஒரு மணித்தியாலத்தில் நெங் மூவா வந்தார். லவாலில் லொறி திருத்துகிறவர். ஒன்பது வயதில் தாய்லாந்து முகாமிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். வேலை உடுப்போடு, கையில் எண்ணெய்க் கறையோடு நின்றார். தங்கை சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பத்திநாதரைப் பார்த்தார்.

"உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இப்ப இல்லை."

"வெட்டுறது உங்களுக்கு விருப்பமோ?"

"ஓம்."

"அப்ப கடதாசியைத் தாங்கோ."

மதாம் லாபெர்ஜ் வந்து பார்த்தபோது அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. "குலத் தலைவரே!" என்று கைகூப்பினார். நெங் எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் பெயர் எழுதி ஒப்பமிட்டார். 'நோயாளிக்கு உறவு முறை' என்ற கட்டத்தில் 'பக்கத்துக் கட்டில்' என்று எழுதினார்.

மதாம் அதை மெதுவாக வாசித்தார். "பக்கத்துக் கட்டில்... எவ்வளவு அழகான உறவு முறை! இது கோப்பில் இல்லையே" என்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில் பத்திநாதர் சத்திரசிகிச்சை அறையில் இருந்தார். பித்தப்பை ஒரு பக்கத்தில் ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருந்தது. டொக்டர் கூலோம்ப் மூன்று மணித்தியாலம் நின்று கழுவி, எடுத்து, தைத்தார். வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபின் சுவரில் சாய்ந்து கொஞ்சநேரம் நின்றார் என்று பிறகு ஒரு நேர்ஸ் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதாம் ஒரு புகைப்படக்காரரோடு வந்தார். குழுவின் ஏழுபேரும் வந்தார்கள். மதாம் கட்டிலருகில் நின்று ஒரு சிறிய உரை நிகழ்த்தினார்.

"வேறொரு ஆஸ்பத்திரி என்றால் இந்த மனிதரைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வெட்டியிருக்கும். ஒரு கேள்வி கேட்டிருக்காது. அவருடைய சொல்லை அப்படியே நம்பியிருக்கும். நாங்கள் நம்பவில்லை. அவருடைய குலம் வரும்வரை காத்திருந்தோம். அவருக்குக் காய்ச்சல் இருந்த வேளையிலும் காத்திருந்தோம். இந்தத் துணிவு எல்லோருக்கும் வராது."

எல்லோரும் கைதட்டினார்கள். டொக்டர் கூலோம்ப் பின்னால் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் பத்திநாதரைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று பத்திநாதர் பிரெஞ்சில் சொன்னார். மதாம் மொழிபெயர்ப்பாளரைத் தேடி ரெலிபோனை எடுத்தார்.

சனிக்கிழமை காலை, கட்டி எடுத்தாகிவிட்ட கியாவுக்கும் பத்திநாதருக்கும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நெங் தங்கையின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினார். கியா பத்திநாதரின் கையைப் பிடித்து, கவனமாக இருக்கும்படி சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நெங் மட்டும் நின்றார்.

"ஒரு விசயம் சொல்லட்டே? நம்பினால் நம்புங்கோ, இல்லாட்டி விடுங்கோ. எங்கட ஆக்கள் சொல்லுறது, பெரிய வருத்தம், மயக்கமருந்து, பயம், இதுகள் வந்தால் மனிசன்ர ஆவி எங்கயாவது விலகி நிண்டிடுமாம். உடம்பு வீட்டுக்கு வந்திடும். அது வராது. அதால வீட்டு ஆக்கள் கதவடியில நிண்டு பேர்சொல்லிக் கூப்பிடவேணும். வா, இது உன்ர வீடு, உள்ள வா எண்டு. தங்கச்சிக்கு நாளைக்கு என்ர மனிசி கூப்பிடுவா." கொஞ்சம் தயங்கினார். "உங்கட வீட்டில கூப்பிட ஆள் இருக்கோ? இல்லாட்டி மனிசியைக் கூட்டிக்கொண்டு நான் வாறன்."

தூரம். லவாலிலிருந்து இவ்வளவு தூரம். அவர்களுக்கு அங்கே பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

"இருக்கினம்" என்றார் பத்திநாதர்.

"உண்மையாவோ?"

"ஓம்."

நெங் தலையசைத்துத் தோளில் ஒருதரம் தட்டிவிட்டுப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் பத்திநாதர் சொன்ன ஓமைக் கேட்ட உடனே நம்பியவர் நெங் ஒருவர்தான். அவருக்குக் கடைசியாகச் சொன்ன ஓம்தான் பொய்.

மத்தியானம் டாக்சி வாசலில் இறக்கிவிட்டது. மூன்றாம் மாடி. தையலைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். கதவைத் திறந்தார். ஐந்து நாள் பூட்டியிருந்த மணம் வந்தது. உள்ளே போய்ப் பையை வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். அதன்பின் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பிவந்து வாசலில் நின்றார். வெளியே நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். தான் கத்தோலிக்கன், இதை எல்லாம் நம்பக்கூடாது என்று தனக்குத்தானே சொன்னார். தொண்டையைச் செருமினார்.

"பத்தி" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பத்தி, வா. இதுதான் வீடு. உள்ள வா."

எதிர்க்கதவு திறந்தது. நாலு வருசமாக எதிரே குடியிருக்கிற, அவர் ஒருநாளும் கதைத்தறியாத ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிட்டீர்களா, ஐயா?"

"இல்லை, இல்லை. மன்னியுங்கோ."

கிழவர் நடைபாதையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "யாராவது வருகிறார்களா?"

"ஓம்" என்றார் பத்திநாதர். "கொஞ்சம் பின்னுக்கு வருகினம்."

கிழவர் சரி என்று கதவைச் சாத்தினார். பத்திநாதர், நோயிலிருந்து எழும்பி மெல்ல மெல்லப் படியேறி வருகிற ஒருவருக்கு இடம் விடுகிறவர்போல, கதவின் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். உள்ளே வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைப் பூட்டினார்.